பழைய கிராமத்துப் புகைப்படங்களைக் காப்பாற்றுவது எப்படி: ஸ்கேனரைத் திறக்கும் முன்பும் பின்பும்

பழைய படப் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் ஸ்கேனரைத்தான் தேடுகிறார்கள். இரண்டு வாரம் வேலை உற்சாகமாக ஓடும். மூன்றாவது வாரம் கணினியில் எண்ணூறு கோப்புகள் சேர்ந்திருக்கும். எந்தப் படம் எந்த ஆல்பத்தில் இருந்தது, வண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர் யார், இது அறுவடையா வேறு ஏதாவதா என்று கேட்டால் பதில் இருக்காது. பெட்டியை மறுபடி திறந்தால் பழைய வரிசையும் கலைந்திருக்கும்.

நன்றாகக் கழுவி அச்சிட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கும். அதிலிருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர் அவ்வளவு நாள் இருக்கப் போவதில்லை. அதனால்தான் கீழே உள்ள வரிசையில் ஸ்கேன் ஏழாவதாக வருகிறது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மென்மையான பென்சில், சுத்தமான மென்மயிர்த் தூரிகை, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பந்து, பூதக்கண்ணாடி, அமிலமில்லாத வெள்ளைத்தாள், ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது விரிதாள். மேசை காலியாக இருக்க வேண்டும். தேநீர்க் கோப்பை பக்கத்து அறையில் இருக்கட்டும்.

கையுறை பற்றி எல்லோரும் கேட்பார்கள். நெகட்டிவுக்கும் பளபளப்பான படங்களுக்கும் நைட்ரைல் கையுறை நல்லது, விரல் ரேகை அந்தப் பரப்புகளில்தான் நிரந்தரமாகப் பதியும். பருத்திக் கையுறை எனக்குப் பிடிப்பதில்லை. பிடிமானம் குறையும், கிழிந்த விளிம்பில் நூல் மாட்டும். சாதாரண படங்களுக்குக் கையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, விளிம்பைப் பிடித்தாலே போதும்.

பேனாவை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆரம்ப காலத்தில் நான் ஒரு கட்டுப் படங்களின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எண் எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். சில மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் நெற்றியில் நீல நிறத்தில் 14 என்று இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

2. பெட்டி வந்த வரிசையிலேயே எண் போடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே திருமணம் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம், யாரென்று தெரியாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள். ஒரே உறைக்குள் இருந்த ஐந்து படங்கள் பெரும்பாலும் ஒரே பிலிம் சுருளிலிருந்து வந்தவை. அதில் ஒன்றுக்கு இடம் தெரிந்தால் மற்ற நான்குக்கும் தெரிந்த மாதிரி. பிரித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

பெட்டிக்கு ஒரு எண், அதிலுள்ள உறைக்கோ ஆல்பத்துக்கோ ஒரு எண், படத்துக்கு ஒரு எண். உதாரணமாக 02-05-0013. முன்னால் பூஜ்யம் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இல்லையென்றால் சில மென்பொருள்கள் 2-க்கு முன்னால் 13-ஐ வரிசைப்படுத்தும். ஆல்பமாக இருந்தால் எதையும் பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பு எந்தப் படத்துக்கு உரியது என்பது அப்போதுதான் தெரியும்.

எண்ணைப் படத்தின் பின்புறம் ஓரத்தில், கடினமான பரப்பின் மேல் வைத்து, பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். 1960-களின் கடைசியில் வரத் தொடங்கிய பிளாஸ்டிக் பூச்சுத் தாள்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு எண்ணை உறையின் மேல் எழுதி, அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள். படத்தோடு உறையில் எழுதினால் எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும்.

3. ஆபத்தானதைத் தனியே எடுத்து வையுங்கள்

மூக்கைப் பயன்படுத்துங்கள். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதைந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் சேர்த்துக் கெடுக்கும். எனவே அன்றே பிரித்து, காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். ஸ்கேன் வரிசையிலும் அதை முன்னால் கொண்டுவாருங்கள்.

பழுப்பாக, பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். 1950-களின் தொடக்கம் வரை அது தயாரிக்கப்பட்டது. எளிதில் தீப்பிடிக்கும், எரிவதற்கான ஆக்ஸிஜனை அதுவே கொடுத்துக்கொள்வதால் தண்ணீருக்குள்ளும் எரியும். விளிம்பில் ‘சேஃப்டி’ என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் இறுக்கமான தகர டப்பாவில் அடைக்காதீர்கள், சூடு படும் இடத்தில் வைக்காதீர்கள். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். ஆவணக் காப்பகத்தையோ தீயணைப்புத் துறையையோ கேளுங்கள்.

வெல்வெட் போலப் பூஞ்சை படர்ந்த படங்களையும் ஒதுக்கி வையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சையோடு படமும் வந்துவிடும். முதலில் உலர்ந்த இடத்தில் வைத்து அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் தட்டுவது அதற்கடுத்த வேலை. கண்ணாடி நெகட்டிவ்களைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பது உடையும். நீளமான விளிம்பு கீழே வருமாறு நிறுத்தி வைப்பதே சரி.

4. போனில் ஒரு நகல் எடுத்துப் பெரியவர்களிடம் போங்கள்

இந்த நகலுக்குத் தரம் முக்கியமில்லை, முகம் தெரிந்தால் சரி. ஜன்னலோரம், ஃப்ளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்கள். பெரிதாக்கிக் காட்ட வசதியாக ஒரு டேப்லெட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டங்குல அச்சில் தெரியாத முகம் திரையில் தெரியும். அசல்களும் வீட்டிலேயே பத்திரமாக இருக்கும்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “இது யார்?” என்று தொடங்கினால் பெரும்பாலும் “ஞாபகம் இல்லையே” என்றுதான் வரும். “இந்த இடம் எது?”, “பின்னால் இருக்கும் கட்டடம் இப்போது இருக்கிறதா?”, “படம் எடுத்தவர் யாராக இருக்கும்?” என்று சுற்றி வாருங்கள். ஒருமுறை ஒரு பாட்டி, மரத்தடியில் நின்ற இளைஞனின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். அடுத்த படத்துக்குப் போகலாம் என்று நான் விரலை நகர்த்தும்போது தடுத்தார். “இரு தம்பி, அந்தக் கதவைப் பெரிசாக்கு. கீழ்ப்பலகை மாற்றியிருக்கிறதா? அப்படியானால் இது அவர் இல்லை, அவருடைய தம்பி. கதவு உடைந்தபோது அண்ணன் ஊரிலேயே இல்லை.” முகத்தை மறந்த நினைவு கதவை மறக்கவில்லை.

பேச்சை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். “படம் 02-05-0013” என்று எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் பிறகு ஒரு மணி நேர ஒலியில் எந்தப் பதில் எந்தப் படத்துக்கு என்று தேடித் திண்டாடுவீர்கள்.

இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல. உறவுமுறையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ‘பெரிய அத்தை’ யாருக்கு அத்தை என்பது அடுத்த தலைமுறைக்குப் புரியாது. முழுப்பெயர், குடும்பம், வீடு இருந்த இடம் என்று எழுதுங்கள். குழுப்படத்தில் ‘பார்ப்பவரின் இடமிருந்து’ என்று தெளிவாகக் குறித்து, வரிசை வரிசையாகப் பெயர்களை எழுதுங்கள். தெரியாதவருக்கும் ஒரு இடம் விடுங்கள். ஐந்தாவது ஆளைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் எல்லாப் பெயரும் ஒரு ஆள் தள்ளிப்போகும்.

5. ஆண்டைக் கணிப்பது, காரணத்தோடு

ஆடையை வைத்து மட்டும் ஆண்டைச் சொல்லாதீர்கள். கிராமத்தில் நல்ல உடுப்பு இருபது ஆண்டு உழைக்கும், அண்ணனுக்குத் தைத்தது தம்பிக்கு வரும். படத்திலிருக்கும் மிகப் புதிய பொருளைத் தேடுங்கள். மின்கம்பம், வண்டியின் எண் பலகை, கூரையின் புதிய தகரம். படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

தாளும் பேசும். அஞ்சலட்டையாக அச்சிட்ட படத்தின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் இருந்தால், பிரிட்டனில் 1902-க்கும் அமெரிக்காவில் 1907-க்கும் பிந்தையது. வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் அது பிரதி போட்ட தேதி. சுருள் அதற்கு முன் கேமராவிலேயே ஓராண்டு கிடந்திருக்கலாம். புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் இருட்டில் காட்டிப் பாருங்கள். தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் 1950-க்குப் பிந்தைய தாள். 1920 என்று சொல்லப்படும் படம் அப்படி ஒளிர்ந்தால், உங்கள் கையில் இருப்பது பிற்காலப் பிரதி. வேறு யார் வீட்டிலோ மூலப்படம் இருக்கக்கூடும், விசாரியுங்கள்.

சில பிரதிகள் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கும். சட்டைப் பொத்தான், பலகையில் உள்ள எழுத்து, அணியின் பனியனில் உள்ள எண் காட்டிக்கொடுக்கும். பெயர்களை எழுதும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

6. தூசி, ஒட்டல், சுருள்

சுத்தம் என்றால் தூரிகையும் காற்றும் மட்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தள்ளுங்கள். தண்ணீர், எச்சில், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். படம் ஜெலட்டின் படலத்தில் இருக்கிறது. ஈரம் பட்டால் அது ஊதி இளகும், துணியோடு வரும்.

பிரேமில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காதீர்கள். ஒருமுறை ஒரு மூலை தானாகவே விட்டுக்கொடுத்த தைரியத்தில் நான் இழுத்தேன். மாப்பிள்ளையின் பாதி முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒட்டியதைக் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே பாதுகாத்து வைக்கிறேன்.

பிளாஸ்டிக் தாள் மூடிய, பசைக்கோடு போட்ட ஆல்பங்கள் பெரிய எதிரி. மஞ்சளாகிப் போன அந்தப் பசை படத்தின் முதுகைத் தின்னும். மெழுகு தடவாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக இழுத்தால் பல படங்கள் விட்டுவிடும். விடவில்லையா, பக்கத்தையே வெட்டி எடுத்து வையுங்கள். முடி உலர்த்தியால் சூடு காட்டச் சொல்பவர்கள் உண்டு. பசை இளகித் தாளுக்குள் இறங்குவதைப் பார்த்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பள்ளி, கூட்டம், முழு ஊர் என்று எடுத்த நீளமான படங்கள் சுருளாகவே கிடைக்கும். விரித்தால் படலம் குறுக்கே வெடிக்கும். ஒரு விரிசல் ஐந்து முகங்களைக் கொண்டுபோகும். கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் தானாக விரியும் அளவுக்கு மட்டும் விரித்து, துண்டு துண்டாகப் போனில் எடுங்கள். முழுதாக விரிக்கும் வேலை தேர்ந்த பாதுகாப்பாளருடையது. ஒட்டுநாடா, லேமினேஷன், ரப்பர் பேண்ட், குண்டூசி நான்குமே தடை.

வெள்ளத்தில் நனைந்த படங்களுக்கு மட்டும் விதி தலைகீழ். ஒட்டிய நிலையில் உலர விட்டால் கட்டையாகிவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் அலசிப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், நடுநடுவே மெழுகுத்தாள் வைத்து உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். கண்ணாடி நெகட்டிவை மட்டும் உறைய வைக்காதீர்கள்.

7. இப்போது ஸ்கேன்

அச்சுப் படங்களில் வண்ணப் படங்களை முதலில் எடுங்கள். 1960, 70-களின் வண்ண அச்சுகள் இருட்டில் வைத்தாலும் மங்கும், ஏனென்றால் அவற்றில் இருப்பது சாயம். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, அது காத்திருக்கும்.

தட்டையான கண்ணாடி ஸ்கேனர் மட்டுமே. தாளை உள்ளே இழுக்கும் வகை வேண்டாம், ஒரு மூலை மடங்கினால் போதும், படம் போச்சு. தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல், தூசி நீக்கல் எல்லாவற்றையும் அணையுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அகச்சிவப்புத் தூசி நீக்கல் வெள்ளித் துகளையே தூசி என்று நினைத்து அழிக்கும்.

எவ்வளவு டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்பதைப் படத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முகத்தின் அளவைப் பாருங்கள். ஊர்க் குழுப்படத்தில் ஒரு முகம் 5 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். 300 டிபிஐயில் அது 59 புள்ளி. 600-இல் 118, 1200-இல் 236. அடையாளம் காண 300 போதாது. தனிநபர் படங்களுக்கு 600, குழுப்படங்களுக்கும் இரண்டங்குலப் படங்களுக்கும் 1200, 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 3000 முதல் 4000 வரை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய சாயல், கறை, பென்சில் குறிப்பு எல்லாம் அப்போதுதான் பதிவாகும். விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள், அட்டையில் உள்ள ஸ்டுடியோ முத்திரையை வெட்டிவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஒரு எழுத்து இருந்தாலும் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவத்தில் சேமியுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600 டிபிஐயில் சுமார் 26 எம்பி வரும். ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி, இன்றைய வன்தட்டுக்கு அது ஒன்றுமில்லை. அனுப்பவும் காட்டவும் தனியே ஜேபெக் (JPEG) நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கீறலை நீக்குவது, நிறம் மீட்பது எல்லாம் அந்த நகலில்தான். மூல டிஃப் கோப்பைத் தொடக் கூடாது.

8. கோப்புப் பெயரும் விவரமும்

கோப்பின் பெயர் அசலில் எழுதிய அதே எண்ணாக இருக்கட்டும். முன்பக்கம் 02-05-0013-1, பின்பக்கம் 02-05-0013-2. கோப்புப் பெயரிலேயே ஆள் பெயர், ஆண்டு எல்லாம் திணிப்பவர்கள் உண்டு. அடையாளம் தவறு என்று பிறகு தெரிந்தால் எல்லா நகலிலும் பெயர் மாற்ற வேண்டிவரும். எண் எப்போதும் தவறாகாது.

விவரமெல்லாம் விரிதாளில்: யார், எங்கே, எப்போது, அந்த ஆண்டு என்று ஏன் நினைக்கிறோம், சொன்னவர் யார், அசல் யாரிடம் இருக்கிறது. அதே குறிப்பைக் கோப்புக்குள்ளேயே ஐபிடிசி (படக் கோப்புக்குள் குறிப்பு எழுதும் பொதுவான முறை) விவரமாகவும் பதியுங்கள், எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் செய்திச் செயலிகளில் அனுப்பும்போது இந்த விவரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கும். அதனால் விரிதாள்தான் அடிப்படை. அதை அச்சிட்டும் பெட்டியில் வையுங்கள்.

9. அசல்களை வைக்கும் இடம்

ஸ்கேன் ஆனதும் அசலைத் தூக்கிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். கோப்பு கெட்டால் மறுபடி எடுக்க அதுதானே இருக்கிறது!

உறை வாங்கும்போது ‘அமிலமற்றது’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். புகைப்படச் செயல்பாட்டுச் சோதனையில், அதாவது ஐஎஸ்ஓ 18916-இல் தேறியதா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் என்றால் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் சரி. புது மழைக்கோட்டு வாடை அடிக்கும் பிவிசி வேண்டாம். உரியும் நிலையில் உள்ள படத்துக்குத் தாள் உறையே நல்லது.

பரணில் வெக்கை, தரையில் ஈரம், வெளிச்சுவரில் இரண்டும். வீட்டின் நடுவில், மக்கள் புழங்கும் அறையின் உள் அலமாரிதான் ஏற்ற இடம். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. ஒரு சின்ன ஈரப்பதமானியை உள்ளே வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் நகலை மாட்டுங்கள்.

10. கோப்புகளின் நகல்கள்

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். தீயோ வெள்ளமோ வந்தால் ஒரே மேசையில் இருக்கும் மூன்று வன்தட்டும் ஒன்றாகத்தான் போகும். ஆண்டுக்கு ஒருமுறை சில கோப்புகளைத் திறந்து பாருங்கள், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் அது நகல் கணக்கில் வராது.

11. மற்ற வீடுகளின் படங்கள்

ஒரு குடும்பத்தின் பெட்டி முடிந்ததும் அக்கம்பக்கத்தினர் தங்கள் ஆல்பங்களோடு வருவார்கள். இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்கேனரை அவர்களிடம் கொண்டுபோங்கள், அல்லது ஒரு பொது இடத்தில் ஒரு நாள் உட்காருங்கள். வாசலில் ஒருவர் பெயரும் எண்ணிக்கையும் எழுதட்டும், ஒருவர் ஸ்கேன் செய்யட்டும், மூன்றாவது ஆள் கதை கேட்கட்டும். நெரிசலில் முதலில் விட்டுப்போவது அந்த மூன்றாவது நாற்காலிதான். ஆள் குறைந்தால் ஸ்கேனைக் குறையுங்கள்.

உள்ளே வந்தபோது எத்தனை படம், வெளியே போகும்போது எத்தனை என்று உடையவர் முன்னாலேயே எண்ணிக் கொடுங்கள். எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: குடும்பத்துக்குள் மட்டுமா, கண்காட்சியிலா, இணையத்திலா என்று தனித்தனியாக. படத்தின் பிரதி வைத்திருப்பவரே பதிப்புரிமைக்காரர் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் உரிமை படத்தை எடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது. பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையை விட்டுவிடாமல் பதியச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுப்பதாக இருந்தால், எடுத்துக்கொண்டு போகும் முன் எந்த வடிவம், என்ன விவரம் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெயரில்லாத நூறு படங்களைவிடப் பெயரோடு பத்துப் படங்களை அவர்கள் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள்.